அகராதி மிஸ்ஸிடம் எஞ்சிய சொல்

கல்லூரியில் அவளுக்கு அகராதி மிஸ் என்று பெயர். பிள்ளைகள் ஆசையாகத்தான் வைத்தார்கள். எந்த ஆங்கிலச் சொல்லைக் கேட்டாலும் அது எங்கே பிறந்தது, யார் வீட்டில் வளர்ந்தது, எப்போது இந்த வீட்டுக்கு வந்தது என்று ஒரு குடும்பக் கதையே சொல்லுவாள். மாமியார் உயிரோடு இருந்த காலத்தில் வீட்டிலும் அவளுக்கு அதே பெயர்தான், ஆனால் அர்த்தம் வேறு. "அகராதி புடிச்சவ, பணிஞ்சு ஒரு வார்த்தை பேசுறாளா பாரு" என்று அந்தக் கிழவி போகிற வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லிவைத்தாள். மிஸ் கோபித்துக்கொள்ளவே மாட்டாள். "ஒரே சொல்லுதான். காலேஜ்ல புகழ்ச்சி, வீட்டுல திட்டு. நான் பாடம் நடத்த வேற உதாரணமே வேண்டாம்" என்று சிரிப்பாள்.

அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக். பெரிய கம்பெனியில் இருந்து ஓய்வு பெற்ற பிறகும், தெரிந்தவர்கள் கூப்பிட்டால் பையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார். கம்பிக்கயிறு, மோட்டார், கதவுச் சக்கரம் இவற்றைத் தாண்டி எதிலும் அவருக்கு நாட்டம் கிடையாது. பிள்ளை குட்டி இல்லை. சாயங்காலம் சமையலறையில் காய் நறுக்கிக்கொண்டே அவள் ஏதாவது ஒரு சொல்லின் கதையை ஆரம்பிப்பாள். அவர் கதவருகே ஸ்டூலில் உட்கார்ந்து, மறுநாள் மாற்ற வேண்டிய பேரிங்கை நினைத்துக்கொண்டு "ம்" போடுவார். ம் போடுவதில் அவர் கெட்டிக்காரர். சரியான இடத்தில் போடுவார். "நான் என்ன சொன்னேன், சொல்லுங்க பாப்போம்" என்று அவள் மடக்கினால் மட்டும் திருதிருவென்று முழிப்பார். கல்யாணமான நாளிலிருந்து இப்படியே ஓடிவிட்டது. இரண்டு பேருக்கும் அதில் பெரிய குறை இருந்ததாகத் தெரியவில்லை.

அவள் வகுப்பறையில் விழுந்த அன்று அவர் பள்ளத்துக்குள் இருந்தார்.

லிஃப்ட் ஓடுகிற பாதையின் அடியில், தரைமட்டத்துக்கும் கீழே, ஆளுயரத்துக்கு ஒரு குழி இருக்கும். வேலைக்காரர்கள் அதைப் பள்ளம் என்றே சொல்வார்கள். ஒரு ஜவுளிக்கடைக் கட்டிடத்தில் அந்தப் பள்ளத்தில் தண்ணீர் ஊறி, அடியிலிருக்கும் ஸ்பிரிங் துருப்பிடித்துப் போயிருந்தது. அவர் இறங்கி வாளியால் தண்ணீரை மொண்டு மொண்டு மேலே கொடுத்துக்கொண்டிருந்தார். முன்பு ஒரு தடவை போன் அந்தத் தண்ணீரில் விழுந்து செத்துப்போனதால், அதற்குப் பிறகு போனைப் பையில் போட்டுக் காவலாளியின் நாற்காலியருகே வைத்துவிட்டுத்தான் இறங்குவார். அன்று பைக்குள் போன் அடித்து அடித்து ஓய்ந்தது. காவலாளி கேட்டுக்கொண்டேதான் இருந்தார். அடுத்தவர் பை, நமக்கு எதற்கு என்று விட்டுவிட்டார்.

மேலே ஏறி வந்து கையைத் துடைத்துக்கொண்டு போனைப் பார்த்தபோது, கல்லூரி எண்ணிலிருந்து தவறிய அழைப்புகள் வரிசைகட்டி நின்றன. ஈரச் சட்டையோடு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். அவசரப் பிரிவு டாக்டர் களைத்துப்போன மனிதர். மூளைக்குப் போகிற ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்து அடைத்திருக்கிறது, அதைக் கரைக்க ஒரு ஊசி உண்டு, ஆனால் அதைக் குறிப்பிட்ட நேரத்துக்குள் போட்டாக வேண்டும், ரத்தக் கசிவு ஆபத்தும் உண்டு, அதனால் சொந்தக்காரர் சம்மதம் கேட்டோம், கூட வந்த கல்லூரிக்காரர்கள் பயந்து கையெழுத்துப் போடவில்லை என்று சொன்னார்.

"இப்பப் போடுங்க டாக்டர். எங்க போடணும் கையெழுத்து?"

"இப்பப் போட்டாப் பிரயோஜனம் இல்லைங்க. கெடுதல்தான். கொஞ்சம் முன்னாடி வந்திருந்தீங்கன்னா…"

டாக்டர் அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. யாரோ கூப்பிட, போய்விட்டார். அதை முடிக்கிற வேலை இவர் தலையில் விழுந்தது.

உயிர் தங்கியது. வலது கையும் வலது காலும் போயின. பேச்சும் போயிற்று. ஆஸ்பத்திரியில் இருந்த வரை அவள் வாயே திறக்கவில்லை. வீட்டுக்குக் கூட்டிவந்த அன்று, மூன்றாவது மாடிக்கு அவளை பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, இரண்டு சுமைதூக்கிகளோடு இவரும் ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு ஏறினார். அந்தக் கட்டிடத்தில் லிஃப்ட் கிடையாது. "ஊர்ல இருக்கிறவனுக்கெல்லாம் லிஃப்ட் மாட்டிக் குடுத்தேன். என் பொண்டாட்டி பல்லக்குல போறா பாருங்க" என்றார், மூச்சு வாங்கிக்கொண்டே. யாரும் சிரிக்கவில்லை. எதிர் வீட்டுத் தையல்காரம்மா கதவைப் பிடித்துக்கொண்டு வாயில் முந்தானையை வைத்தபடி நின்றாள்.

அவளுடைய தங்கை உதவிக்கு வந்திருந்தாள். மறுநாள் காலையில் தங்கை பல் துலக்கிக்கொண்டிருக்க, இவர் பால் காய்ச்சிக்கொண்டிருக்க, உள்ளே கட்டிலிலிருந்து அவள் குரல் கேட்டது. தெளிவாக, சத்தமாக, ஒரே ஒரு சொல்.

தங்கை வாயில் நுரையோடு ஓடிவந்தாள். "அத்தான், அக்கா பேசிட்டா! தேள்ங்கிறா! தேள்!"

பாலை அப்படியே விட்டுவிட்டு அவர் ஓடினார். கட்டிலில் அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு மறுபடி சொன்னாள். அவருக்கும் தேள் என்றுதான் காதில் விழுந்தது. அவ்வளவுதான், வீடு இரண்டுபட்டது. போர்வையை உதறினார்கள். கட்டிலுக்கடியில் விளக்குமாற்றை விட்டுத் துழாவினார்கள். அவர் அவளை ஒரு பக்கம் புரட்டித் தலையணையைத் தூக்கிப் பார்த்தார். சத்தம் கேட்டுத் தையல்காரம்மா ஒரு செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வந்துவிட்டாள். "எங்க இருக்கு? காட்டுங்க, ஒரே போடு" என்று அலமாரி பின்னாலெல்லாம் எட்டிப் பார்த்தாள். இவர்கள் தேடத் தேட அவள் இன்னும் உரக்கச் சொன்னாள். முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்து, திரும்பத் திரும்ப அதையே. அடுப்பில் பால் பொங்கி வழிந்து தீய்ந்த வாடை வந்தது.

தங்கைதான் கடைசியில் மெத்தையைத் தொட்டுப் பார்த்தாள். நனைந்திருந்தது.

"அத்தான்… அக்கா ஒண்ணுக்குப் போகணும்னு கேட்டிருக்கா."

தையல்காரம்மா செருப்பைப் பின்னால் மறைத்துக்கொண்டாள். கட்டிலில் கிடந்தவள் கண்ணை மூடிக்கொண்டு விட்டாள். மூடிய இமைக்கு அடியிலிருந்து தண்ணீர் காதுப் பக்கமாக ஓடியது.

அன்றைக்கு மட்டும் அல்ல. பசித்தாலும் அதே சொல்தான். வலித்தாலும், விளக்கை அணைக்கச் சொன்னாலும், யாராவது வந்தால் வரவேற்கவும் அதேதான். ஆயிரம் சொல்லுக்கு ஜாதகம் சொன்னவள் வாயில் ஒன்றே ஒன்று மிஞ்சியிருந்தது. கூர்ந்து கேட்டால் அது தேள் இல்லை என்று தெரிந்தது. டேல். அது என்ன டேல் என்று யாருக்கும் புரியவில்லை.

பேச்சுப் பயிற்சி கொடுக்க ஒரு சின்ன வயசு டாக்டரம்மா வாரா வாரம் வந்தாள். படங்களைக் காட்டி, "இது என்ன, கப்பு. சொல்லுங்க, கப்பு" என்பாள். மிஸ் உதட்டைக் குவிப்பாள், நெற்றியைச் சுருக்குவாள், வருகிற மாதிரி இருக்கும். "டேல்" என்பாள். உடனே தப்பு என்று அவளுக்கே தெரிந்து முகம் செத்துப்போகும்.

அவர் டாக்டரம்மாவை வாசலில் மறித்துக் கேட்டார். "அதுக்கு என்னம்மா அர்த்தம்?"

"அர்த்தம் தேடாதீங்க சார். மூளை இந்த மாதிரி அடிபட்டவங்கள்ல சில பேருக்கு ஒரே ஒரு சொல் மட்டும் மாட்டிக்கிட்டு நின்னுடும். எதைச் சொல்ல வாயைத் திறந்தாலும் அதுதான் வரும். நாம பேசுறது அவங்களுக்குப் பெரும்பாலும் புரியும். பதில்தான் வராது. நீங்க சொல்லைக் கேக்காதீங்க, குரலைக் கேளுங்க. கோபமா, வலியா, கேள்வியா, எல்லாம் அதுல இருக்கும்."

"சரி, ஆனா ஏன் அந்தச் சொல்லு?"

"அது யாருக்கும் நிச்சயமாத் தெரியாது சார்."

அவர் "ம்" போட்டார்.

அது தெரிந்த ஒருத்தி சில நாள் கழித்து வந்தாள். கடைசி வருட வகுப்புத் தலைவி, ஒல்லியான பெண், பழப் பையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு கட்டிலருகே நின்றாள். "மிஸ், நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டு, கேட்டது அபத்தம் என்று உணர்ந்து உதட்டைக் கடித்தாள்.

"டேல்" என்றாள் மிஸ்.

அந்தப் பெண்ணுக்குப் பேயறைந்தது போல ஆகிவிட்டது. பை கையிலிருந்து நழுவிப் பழங்கள் கட்டிலுக்கடியில் உருண்டன. கூடத்துக்கு ஓடிப்போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவர் பின்னாலேயே போனார்.

"என்னம்மா? உனக்கு அது என்னன்னு தெரியுமா?"

"அன்னிக்கு அதைத்தான் சார் நடத்திக்கிட்டிருந்தாங்க. அந்த ஒரு சொல்லைத்தான்."

அவர் அவளை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். "என்ன நடத்தினாங்க, சொல்லு" என்றார். மனைவியின் பாடத்தை அவர் வாய்விட்டுக் கேட்டது அதுதான் முதல் தடவை.

அந்தப் பெண் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னாள். டேல் என்றால் பள்ளத்தாக்கு. ஆங்கிலத்தில் ரொம்பப் பழைய சொல், அந்த மொழி பிறந்தபோதே கூடப் பிறந்தது. ஜெர்மன்காரர்களிடம் 'டால்' என்று இருப்பது இதற்குக் கூடப்பிறந்த பங்காளி. வடக்கே கடல் தாண்டி வந்து குடியேறியவர்களும் அதே சொல்லைத்தான் கொண்டுவந்தார்கள், அதனால் வடக்கு மலைப்பக்கம் அது கெட்டியாக நிலைத்துவிட்டது. பிறகு பிரெஞ்சு வீட்டிலிருந்து அதே அர்த்தத்தில் 'வேல்', 'வேலி' என்று இரண்டு மருமகள்கள் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு வந்து இறங்கினார்கள். வந்தவர்கள் பெரிய வீட்டை எடுத்துக்கொண்டார்கள். வீட்டோடு பிறந்த பெண் டேல், மலையடிவாரத்தில் ஓர் ஓரமாக ஒதுங்கிவிட்டாள்.

"மிஸ் அப்படித்தான் சார் சொல்வாங்க, குடும்பச் சண்டை மாதிரி. கிளாஸே சிரிச்சுது. அப்புறம், 'நீங்கள்லாம் டாலர் சம்பாதிக்க ஆசைப்படுறீங்களே, அந்த டாலருக்குள்ளயும் ஒரு பள்ளத்தாக்கு ஒளிஞ்சிருக்கு'ன்னாங்க. ஜெர்மன்காரங்க பக்கம் ஒரு பள்ளத்தாக்குல வெள்ளி வெட்டி எடுத்துக் காசு அடிச்சாங்களாம். அந்தப் பள்ளத்தாக்கோட பேர்ல காசைக் கூப்பிட்டு, கூப்பிட்டு, அதுதான் டாலர் ஆச்சாம். அப்புறம் குறில் நெடில் சொன்னாங்க. ஆதியில அந்தச் சொல்லைக் குறிலாச் சொன்னாப் பள்ளத்தாக்கு. அதையே நெடிலா இழுத்தாப் பங்கு. நாம இப்ப 'டீல்' பேசுறோமே, அது அந்த நெடில்ல இருந்து வந்ததாம்."

"அப்புறம்?"

"ஆதி அர்த்தம் பள்ளத்தாக்குகூட இல்லை, வெறும் பள்ளம்தான்னாங்க. இன்னொரு பழைய பங்காளி மொழியில அதே சொல்லுக்கு ஆள் விழுற குழின்னே அர்த்தம் உண்டாம். அதைப் போர்டுல எழுதப் போனாங்க சார். கையில இருந்து சாக்பீஸ் விழுந்துச்சு. குனிஞ்சு எடுக்கப் போறாங்கன்னு நெனச்சோம்."

அதற்கு மேல் அவளால் சொல்ல முடியவில்லை. சொல்லியிருந்தாலும் அவர் காதில் ஏறியிருக்காது. பள்ளம் என்ற இடத்திலேயே அவர் நின்றுவிட்டார்.

அன்றிலிருந்து அவருக்கு அந்தச் சொல் வேறு மாதிரி கேட்க ஆரம்பித்தது. நான் விழுந்தபோது நீ பள்ளத்தில் இருந்தாய். அவள் கஞ்சி கேட்டாலும் அதைத்தான் சொன்னாள். கால் மரத்துப்போய்த் திருப்பிப் போடச் சொன்னாலும் அதைத்தான் சொன்னாள். காலையில் கண் விழித்ததும் முதலில் அதைத்தான் சொன்னாள்.

ஒரு நாள் அவள் முகத்துக்கு நேரே குனிந்து கேட்டேவிட்டார். "என்னைத்தான் சொல்றியா? நான் பள்ளத்துல கெடந்தேன், வரலைன்னு சொல்றியா?"

அவள் அவரை வெகுநேரம் பார்த்தாள். "டேல்" என்றாள்.

"பாத்தியா, ஆமாங்கிறா" என்று மைத்துனியிடம் திரும்பினார்.

"உங்களுக்கு என்ன பைத்தியமா அத்தான்? தண்ணி வேணுமான்னு கேட்டாலும் அதைத்தான் சொல்றா. உங்களைத் திட்டணும்னா அவ கண்ணாலயே திட்ட மாட்டாளா?"

அவர் கேட்டுக்கொண்டார். மனசுதான் கேட்கவில்லை. அந்த டாக்டரம்மாவும் அதையே சொன்னாள், அதற்கும் தலையாட்டினார்.

மைத்துனிக்கும் குடும்பம் என்று ஒன்று இருந்தது. அவள் வீட்டுக்காரர் போனில் முதலில் விசாரித்தார், பிறகு முனகினார், பிறகு கத்தினார். அழுதுகொண்டே கிளம்பினாள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் இவர், அவள், அந்தச் சொல் மூன்றும்தான்.

அவர் ஒன்றும் கல்நெஞ்சக்காரர் அல்ல. துடைத்துவிட்டார், ஊட்டினார், மலம் எடுத்தார், தலைவாரிப் பின்னல்கூடப் போடக் கற்றுக்கொண்டார். நான்கு கால் ஊன்றுகோலைப் பிடித்துக் கட்டிலிலிருந்து வாசற்படி வரை அவளை நடத்திக் கூட்டிப்போய்த் திரும்பக் கொண்டுவருவார். எல்லாம் வாயை மூடிக்கொண்டு செய்தார். அவள் வாயும் மூடியிருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டார். ஒரு மத்தியானம் ஊட்டிக்கொண்டிருக்கும்போது அவள் உணவைத் துப்பிவிட்டு அந்தச் சொல்லைச் சொன்னாள். கரண்டியைத் தட்டில் போட்டுவிட்டு அவர் உள்ளங்கையால் அவள் வாயைப் பொத்தினார். "சொல்லாதே. போதும். சொல்லாதே." கைக்கடியில் அவள் உதடு அசைவது தெரிந்தது. கண் இரண்டும் அகல விரிந்து அவரைப் பார்த்தன. திடுக்கிட்டுக் கையை எடுத்தார். விரலெல்லாம் சோறு. அவள் ரொம்ப மெல்ல, யாரோ தூங்குகிற அறையில் பேசுவது போல, "டேல்" என்றாள். உணவு கொதிக்கக் கொதிக்க இருந்தது என்பது தட்டைத் தொட்டபோதுதான் அவருக்குத் தெரிந்தது.

மறுபடி வேலைக்குப் போகத் தொடங்கினார். பக்கத்துத் தெருக்கள் மட்டும், சின்னச் சின்ன வேலைகள். அவள் பக்கத்தில் தண்ணீர், துண்டு எல்லாம் வைத்துவிட்டுக் கதவைப் பூட்டி, ஒரு சாவியைத் தையல்காரம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போவார். "ஒரு காது வச்சுக்கோங்கம்மா" என்பார். "இதை நீங்க சொல்லணுமாண்ணே" என்பாள் அவள். ஆரம்பத்தில் உள்ளேயிருந்து குரல் வரும்போதெல்லாம் மெஷினை நிறுத்திவிட்டு அரக்கப்பரக்க ஓடிவந்தாள். வந்தால் ஒன்றும் இருக்காது. மின்விசிறியைப் பார்த்துச் சொல்லியிருப்பாள். ஜன்னலில் வந்து உட்கார்ந்த புறாவைப் பார்த்துச் சொல்லியிருப்பாள். தைத்துக் கொடுக்க வேண்டிய துணி குவிந்துகொண்டே போனது. மெல்ல மெல்லத் தையல்காரம்மா ஓடிவருவதைக் குறைத்துக்கொண்டாள். கட்டிடத்துக்கே அந்தக் குரல் பழகிவிட்டது. கீழ் வீட்டுப் பிள்ளைகள் படியில் ஏறும்போது "டேல், டேல்" என்று பாடிக்கொண்டே ஏறின. தண்ணீர் மோட்டார் ஓடும் சத்தம் மாதிரி அதுவும் ஒரு சத்தம்.

அன்றைக்கு வேலை சீக்கிரம் முடிந்துவிட்டது. கதவில் மாட்டியிருந்த ஒரு சின்னக் கல், எடுத்துப் போட்டதும் லிஃப்ட் ஓடியது. நேரே வீட்டுக்குப் போயிருக்கலாம். தெருமுனை டீக்கடையில் உட்கார்ந்தார். ஒரு டீ குடித்தார். யாரோ விட்டுப்போன பேப்பரை எடுத்து விளம்பரம் வரை படித்தார். எதிரில் சாலை போடுகிறவர்கள் தார் ஊற்றிக்கொண்டிருந்ததை வேடிக்கை பார்த்தார். இன்னொரு டீ சொன்னார். அவசரம் ஒன்றும் இல்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். உண்மையில் படியேறப் பிடிக்கவில்லை.

கடைசியில் எழுந்து போய்ப் படியில் கால் வைத்தபோதே மேலேயிருந்து குரல் கேட்டது. டேல். கொஞ்சம் விட்டு, டேல். அவர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஆரம்பிச்சுட்டா, என்று நினைத்தார். வழக்கத்தைவிட மெதுவாக ஏறினார். இரண்டாவது மாடித் திருப்பத்தில் பையைக் கீழே வைத்துவிட்டு, மூச்சு வாங்குகிற சாக்கில் படியிலேயே உட்கார்ந்தார். தையல் மெஷின் மேலே கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. குரல் இப்போது தேய்ந்து கேட்டது, பிறகு நின்றது. ஓய்ந்துவிட்டாள் என்று நிம்மதியாக எழுந்தார்.

கதவைத் திறந்தபோது கட்டில் காலியாக இருந்தது. குளியலறை வாசலில் அவள் ஒருக்களித்துக் கிடந்தாள். ஊன்றுகோல் தள்ளிக் கிடந்தது. தனியாக நடந்து பார்த்திருக்கிறாள். ஒரு கால் பார்க்கவே கூடாத கோணத்தில் திரும்பியிருந்தது. தரை ஈரம் காய்ந்து ஓரத்தில் கறையாகியிருந்தது, அவ்வளவு நேரமாகக் கிடந்திருக்கிறாள். குரல் கம்மிப்போய் உதடு மட்டும் அசைந்தது.

இடுப்பெலும்பு முறிந்திருந்தது. ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்கு முன்னாலேயே நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல் வந்துவிட்டது. இந்தத் தடவை எல்லாத் தாளிலும் அவர் கையெழுத்துப் போட்டார், எதையும் படிக்காமல்.

காய்ச்சல் கொஞ்சம் தணிந்த ஒரு காலையில், புதிதாக வந்த நர்ஸ் ஒருத்தி ரத்த அழுத்தம் பார்க்கும்போது மிஸ் அவளைப் பார்த்து "டேல்" என்றாள்.

"டேல்னா யாரு சார்? உங்க பேரா?"

"இல்லம்மா. பள்ளத்தாக்கு."

"எந்த ஊருல இருக்கு?"

"ஊரு இல்லம்மா, சொல்லு. பழைய இங்கிலீஷ் சொல்லு. இவங்க காலேஜ்ல இதைத்தான் பாடம் எடுத்தாங்க" என்றார். பேச ஆரம்பித்ததும் நிறுத்த முடியவில்லை. பட்டுச்சேலை கட்டி வந்த மருமகள்கள், மலையடிவாரத்துக்கு ஒதுங்கிய மகள், டாலருக்குள் ஒளிந்திருக்கும் பள்ளத்தாக்கு, எல்லாவற்றையும் தப்பும் தவறுமாகச் சொல்லிக்கொண்டே போனார். நர்ஸ் பட்டையைக் கழற்றிக்கொண்டே சிரித்தாள். படுக்கையில் அவள் தலை மெல்லத் திரும்பியது. அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்புறம் குறில் நெடில்னு ஒண்ணு இருக்கும்மா. நெடிலா இழுத்தாப் பள்ளத்தாக்கு, குறிலாச் சொன்னாப் பங்கு…"

"டேல்!"

சுளீரென்று வந்தது. நர்ஸ் திடுக்கிட்டாள். அவர் நிறுத்திவிட்டார். அந்தக் குரலை அவர் கேட்டிருக்கிறார். பரீட்சைத் தாள் திருத்தும்போது, சிவப்புப் பேனாவைத் தாளில் குத்தி, எதிரே இல்லாத பிள்ளையை அதட்டுகிற குரல்.

"மாத்திச் சொல்லிட்டேனா?" என்றார். "குறில் பள்ளம். நெடில் பங்கு. சரியா?"

"டேல்" என்றாள் அவள். அதட்டல் போய்விட்டிருந்தது.

அவர் அவள் இடது கையைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். நர்ஸ் அவர் அழுகிறார் என்று நினைத்து ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். அப்புறம் அவர் மனைவியிடம் என்னென்னவோ கேட்டார். பால் என்கிற சொல் எங்கிருந்து வந்தது, கயிறு என்பதற்கு ஆங்கிலத்தில் பழைய பெயர் என்ன என்று. அவள் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள், ஒரே சொல்லில், ஏற்றி இறக்கி, சில சமயம் நீளமாக. ஒன்றும் புரியாவிட்டாலும் அவர் கேட்டுக்கொண்டே இருந்தார்.

காய்ச்சல் திரும்ப ஏறியது. மூச்சுக்கு முகமூடி போட்டார்கள். அதற்குப் பிறகு அவள் பேசவில்லை. பிழைக்கவும் இல்லை.

எல்லாம் முடிந்து, மைத்துனியும் ஊருக்குப் போன பிறகு, எதிர் வீட்டுக் கதவு எப்போதும் சாத்தியே கிடந்தது. அவர் படியில் ஏறும் சத்தம் கேட்டால் உள்ளே மெஷின் நின்றுவிடும். கடந்து போனதும் ஓடும். ஒரு தடவை தண்ணீர்க் குழாயடியில் நேருக்கு நேர் பார்க்க நேர்ந்தபோது தையல்காரம்மா பாதி நிரம்பிய குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் அந்தக் கதவைத் தட்டினார்.

திறந்தவள் அவரைப் பார்த்ததும் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டாள். "எனக்குக் கேட்டுச்சுண்ணே" என்றாள், அவர் ஒன்றும் கேட்காமலே. "அன்னிக்கு மொதல்ல இருந்தே கேட்டுச்சு. சாவி இங்க ஆணியிலதான் தொங்கிச்சு. எப்பவும் சொல்றதுதானேன்னு தைச்சுக்கிட்டே இருந்துட்டேன். நான் பாவி."

"படியில வர்றப்பவே எனக்கும் கேட்டுச்சும்மா" என்றார் அவர்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"கேட்டுச்சு. ரெண்டாவது மாடியில பையை வச்சுட்டு உக்காந்திருந்தேன். அவ சத்தம் நின்ன அப்புறம்தான் எந்திரிச்சேன்."

தையல்காரம்மா பரவாயில்லை என்றும் சொல்லவில்லை, அய்யோ என்றும் சொல்லவில்லை. கதவை முழுக்கத் திறந்து, நாற்காலி மேல் கிடந்த வெட்டுத் துணிகளை வாரித் தரையில் போட்டாள். அவர் உள்ளே வந்து உட்கார்ந்தார். அவள் மெஷின் பக்கத்து முக்காலியில் உட்கார்ந்தாள். கீழே பிள்ளைகள் விளையாடும் சத்தம் கேட்டது. இரண்டு பேரும் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.